நடந்து வந்த பேண்ட் வாத்தியம்

'கடக்' என்று ஒரு சத்தம். டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துக் கறுப்புப் பொத்தானையும் ஒரே நேரத்தில் இரண்டு விரல்களால் அழுத்தினால்தான் அது வரும், ஒன்றை முன்னே அழுத்தி ஒன்றைப் பின்னே அழுத்தினால் வராது. அதன் பிறகு அரிசி களைவது போலச் சன்னமாக ஓர் இரைச்சல், எங்கோ ஒரு காகம், ஒரு சின்னப் பெண் மூச்சு வாங்குவது, அப்புறம் "ஓடுது, ஓடுது, சக்கரம் ஓடுது" என்று அவளே தனக்குத் தானே சொல்லிக்கொள்வது. அந்தப் பெண் நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதைத் தொடர்ந்து, குடமுருட்டிப் பாலத்துப் பக்கமிருந்து, காதைக் கொடுத்துக் கேட்டால் மட்டும் பிடிபடும் அளவுக்குச் சின்னதாக, பதினெட்டுப் பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு பேண்ட் செட் ஆரம்பிக்கும்.

நான் இதுவரை எத்தனையோ நல்ல கருவிகளில் எத்தனையோ சுத்தமான ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டேன். ஊசி விழுந்தால் கேட்கும் என்கிறார்கள், இந்தப் பக்கம் வயலின், அந்தப் பக்கம் புல்லாங்குழல் என்று விரலை நீட்டிக் காட்டுகிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் வலங்கைமானில் எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் வைத்துப் பதிந்த அந்த ஒரு கேசட் என்னிடம் செய்கிற வேலையை அவற்றில் ஒன்றுகூடச் செய்ததில்லை. இதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். அவன் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவன், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நானும் விட்டுவிடுவேன்.

அந்தக் கேசட் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அத்தாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பாவை 'அத்தா' என்போம். அத்தாவுக்கு மஸ்கட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. வெளிநாட்டில் இருப்பவர்களை ஊரில் 'சபுராளி' என்பார்கள். தெருவுக்குப் பத்து சபுராளி இருந்த காலம் அது. மஞ்சள் பலகை மாட்டிய டெலிபோன் பூத்துகள் கடைத்தெருவில் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஆனால் அத்தாவின் கம்பெனிக்குப் போன் போட்டால் ஆளைக் கூப்பிட மாட்டார்கள், 'வேலை நேரம்' என்று வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் தெருவில் கடிதம் எழுதும் வீடுகளைவிடக் கடிதம் பேசும் வீடுகள்தான் அதிகம். டேப் ரெக்கார்டரை முன்னால் வைத்துக்கொண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும், நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று ஆரம்பித்து, இருக்கிற கதை, இல்லாத கதை எல்லாவற்றையும் பேசி, அந்தக் கேசட்டை மஸ்கட் போகிற யாரிடமாவது ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவோம். அம்மா பேச உட்காரும்போது முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொள்வார். "கேசட்டுக்குக் கண்ணு தெரியாதும்மா" என்று நான் கேலி செய்வேன். "ரூம்ல பன்னெண்டு ஆம்பளைங்க கேட்பாங்கடி" என்பார் அம்மா. அது உண்மைதான். அத்தாவின் அறையில் பன்னிரண்டு பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள், யாருக்குக் கேசட் வந்தாலும் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அங்கிருந்து வந்த கேசட்டைக் கேட்டு முடித்ததும், அதன் மேலேயே எங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்பிவிடுவோம். அவர் பேச்சை எங்கள் பேச்சு அழிக்கும், எங்கள் பேச்சை அடுத்த மாதம் அவர் பேச்சு அழிக்கும். ஒரே கேசட் வருஷக்கணக்கில் கடலைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருக்கும். இதில் யாருக்கும் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. பதில் வந்துவிட்டது, பிறகு கேள்வி எதற்கு?

இனி பேண்ட். அத்தாவுக்குப் பேண்ட் வாத்தியம் என்றால் பைத்தியம். சும்மா பைத்தியம் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது கறி வாங்கப் போனவர், வழியில் யார் வீட்டுக் கல்யாணமோ ஒரு பேண்ட் போவதைப் பார்த்து அதன் பின்னாலேயே பாலம் வரை நடந்து, மத்தியானம் வெறும் பையோடு திரும்பி வந்தவர். அன்று விருந்தாளி முட்டைக் குழம்பு சாப்பிட்டுப் போனார். அந்தக் கதையை அம்மா ஆயுசு முழுக்க விடவே இல்லை. அத்தாவைக் கேட்டால், "அந்தப் பெரிய ட்ரம் நெஞ்சுல வந்து தட்டுறப்ப கால் தானா போவுது, நான் என்ன பண்ண?" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே தங்கை, ஹமீதா. அத்தாவின் தங்கையை நாங்கள் 'குப்பி' என்று கூப்பிடுவோம். தாய் தகப்பன் போன பிறகு குப்பியைத் தூக்கி வளர்த்ததும் அத்தாதான், அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைய வேண்டும் என்றுதான் கடலே தாண்டினார். இடமும் அமைந்தது. திருவாரூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஜமால் என்ற மாப்பிள்ளை. நாள் குறித்தாயிற்று, பந்தக்கால் நட்டாயிற்று, அத்தாவுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி கையில், கம்பெனி தலையசைக்க மறுத்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்குத்தான் ஐந்து வருஷம் அங்கே கிடந்தார், அந்தக் கல்யாணத்தையே பார்க்க முடியாமல் போனது.

ஊர் திரும்பிய ஒருவர் மூலம் ஒரு புது டேப் ரெக்கார்டரும், உறை பிரிக்காத தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்றும், பேச்சுக் கேசட் ஒன்றும் வந்து சேர்ந்தன. பேச்சுக் கேசட்டில் அத்தா சொன்னது இன்னும் எனக்கு மனப்பாடம்: "போட்டோ எடுங்க, வேணாங்கல. ஆனா எனக்குச் சத்தம் வேணும். தஞ்சாவூர் பெரிய பேண்ட்டைக் கூப்பிடுங்க, பதினெட்டுப் பேரு செட்டு. பாலத்துல ஆரம்பிக்கிறதுலேர்ந்து பள்ளிவாசல்ல போய் நிக்கிற வரைக்கும் விடாம புடிங்க. நடுவுல நிறுத்தப்படாது. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நான் நம்ம தெருவுல நிக்கணும். ரசியா கையில குடுங்க, அவதான் சரியா செய்வா."

ரசியா என்பது நான். அம்மாவுக்கு அந்த இயந்திரத்தைக் கண்டால் பயம். குப்பி மணப்பெண். ஆக, அத்தாவைக் கல்யாணத்துக்குக் கூட்டி வருகிற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. நான் சாதாரணமாகவே கொஞ்சம் திமிர் பிடித்தவள், அன்றிலிருந்து ஒரு வாரம் என்னை யாரும் தாங்க முடியவில்லை. அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "சக்கரம் சுத்துறப்ப உன் வாயைத் திறக்கப்படாது. அல்லா மேல ஆணை."

கல்யாணம் காலை பதினொரு மணிக்கு. பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து பாலத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து பேண்டோடு நடந்து எங்கள் தெரு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போவது ஏற்பாடு. நான் மாடி ஜன்னல் கட்டையில் டேப்பை வைத்து, புது பேட்டரி ஆறு போட்டு, பேண்ட் ஆரம்பித்த அந்த நிமிஷமே 'கடக்' என்று அழுத்திவிட்டேன்.

இப்போது கேட்கும்போது புரிகிறது, அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்த அந்த ஒற்றை மைக் அன்று என்னவெல்லாம் பட்டிருக்கும் என்று. முதலில் பேண்ட் தூரத்தில் ஒரு முணுமுணுப்பு. கடைத்தெரு முனையில் திரும்பும்போது ட்ரம்பெட்டுகள் மட்டும் சட்டென்று முகத்தைக் காட்டும், கிளாரினெட்டுகள் இன்னும் சுவருக்குப் பின்னால்தான். பிறகு எல்லாரும் திரும்பியதும் ஒரு கதவைத் திறந்தது போல் மொத்தச் சத்தமும் உள்ளே வரும். பெரிய ட்ரம் விழும் ஒவ்வொரு தடவையும் அந்த மைக் திகைத்துப் போய் மற்ற வாத்தியங்களையெல்லாம் ஒரு நொடி கீழே இறக்கிவிடும், பிறகு அவை மெல்ல எழுந்து வரும், அதற்குள் அடுத்த அடி விழும். இது ஒலிப்பதிவில் பெரிய குறை என்று என் மகன் சொல்கிறான். எனக்கோ அதுதான் பேண்ட் மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

வாயைத் திறக்கக்கூடாது என்ற ஆணை சுமார் நான்கு நிமிஷம் தாங்கியது. "அந்தா வந்துட்டாங்க! சேப்புக் கோட்டு! ஒருத்தர் கழுத்தைச் சுத்திப் பெரிய குழாய் போட்டிருக்காரு!" என்று என் குரல் கேட்கிறது. பக்கத்து வீட்டு மைமூன் பெரியம்மா மாடிக்கு வந்து, "யாரு யாரு இன்னும் தேத்தண்ணி குடிக்கல?" என்று கேட்கிறார். ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. எவரோ ஐந்து தடவை இருமுகிறார். கீழே பந்தலில், "தால்ச்சா ஆறுது, தட்டு போட்டு மூடுங்க" என்று சமையல்காரர் கத்துகிறார். இத்தனைக்கும் நடுவில் பேண்ட் நெருங்கி நெருங்கி வந்து, எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, ஒரு பாட்டை முழங்கி முடித்து நிறுத்தியது. மாப்பிள்ளைக்கு அங்கே சர்பத் கொடுக்கும் வழக்கம்.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் நடந்தது. மணப்பெண் அன்று உள்ளறையை விட்டு வெளியே வரக்கூடாது, மாப்பிள்ளையை எட்டிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. குப்பி பூனை மாதிரி வந்து என் பின்னால் நின்றாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, "எங்கடி, யாரு மாப்பிள்ளை?" என்றாள். நான் காட்டினேன். "அவரா? அல்லாவே, என்ன இவ்வளவு ஒல்லியா இருக்காரு! மாலையைத் தூக்க முடியாம தூக்கிட்டு வர்றாரே" என்று களுக்கென்று சிரித்தாள். சிரித்த வாயோடேயே, "அண்ணன் இருந்தா இந்நேரம் எல்லாருக்கும் முன்னாடி நடந்து வந்திருக்கும்ல" என்று சொல்லி அழுதுவிட்டாள். அதற்குள் அம்மா படியேறி வந்துவிட்டார். "ஏய், பொண்ணு எட்டிப் பார்க்கிற வழக்கம் எந்த ஊர்லடி இருக்கு? உள்ள போ, போ!" என்று குப்பியை விரட்டிவிட்டு, விரட்டிய கையோடு தானே அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "இந்த மனுசன் மட்டும் இப்ப இங்க இருந்திருந்தா, பந்தி வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு பேண்ட் பின்னாடியே ஓடியிருப்பாரு" என்றார். அதன் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

எனக்கு அப்போது அம்மாவின் மூக்கு முக்கியமில்லை. கேசட்டின் முதல் பக்கம் முடிய இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது, இவர்களோ நின்று சர்பத் குடிக்கிறார்கள், பள்ளிவாசல் இன்னும் அரைத் தெரு தள்ளி. நான் ஜன்னல் வழியாகத் தொண்டை கிழியக் கத்தினேன்: "மாஸ்டர், டேப்பு தீரப்போவுது, வாசிங்க!"

பேண்ட் மாஸ்டர் சவரிமுத்து நிமிர்ந்து பார்த்தார். கல்யாணக் கூட்டமே நிமிர்ந்து பார்த்தது. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கிளாரினெட்டை என் ஜன்னலைப் பார்த்து உயர்த்தி, தனியாக ஓர் இழை இழுத்தார், அப்புறம் கையை ஒரு வெட்டு வெட்ட, பதினேழு பேரும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள். பிறகு பேண்ட் நடந்து, தூரமாகி, மறுபடி ஒரு முணுமுணுப்பாகி, பள்ளிவாசல் வாசலில் போய் நின்றது. அதன் பிறகு ஒரு நிமிஷம்கூட இல்லை, நாடா தீர்ந்து பொத்தான் தானாக எகிறியது. சரியாகப் பிடித்துவிட்டேன் என்று நான் குதித்த குதியில் மாடித் தளம் அதிர்ந்தது.

மூன்று நாள் கழித்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேசட்டைக் கேட்டோம். முதலில் ஒரே சிரிப்பு. என் குரல் வந்தபோது மைமூன் பெரியம்மா, "இது பேண்ட் கேசட்டா, ரசியா கேசட்டா?" என்றார். குப்பியின் குரல் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தாவின் அறையில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவர் ஜமால் மாமாவின் பெரியம்மா மகன். மணப்பெண் ஜன்னலில் நின்று மாப்பிள்ளையைப் பார்த்து 'ஒல்லி' என்று சிரித்தாள் என்று மஸ்கட் வழியாகத் திருவாரூருக்குச் செய்தி போனால் என்ன ஆவது? கல்யாணமாகி மூன்று நாள்தான் ஆகிறது. "இதை அனுப்ப முடியாது. இன்னைக்கே இது மேல ஏதாச்சும் பேசி அழிச்சுடு" என்று அம்மா என்னிடம் சொன்னார். அத்தாவுக்கு நல்லதாக, சுத்தமாக வேறொன்று பிடித்து அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று.

அதே பேண்ட் செட் அடுத்த வாரம் இன்னொரு கல்யாணத்துக்கு வலங்கைமான் வருவதாக இருந்தது. மைமூன் பெரியம்மாவின் வீட்டுக்காரருக்கு அரிசி மில் உண்டு. அவர் மாஸ்டரிடம் பேசி, கல்யாணத்துக்குப் போகும் முன் மில் கிடங்கில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுப் போகச் சொன்னார். மில்லை நிறுத்தினார்கள். கதவைச் சாத்தினார்கள். பதினெட்டுப் பேரும் நெல் மூட்டைகள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எதிர்ல யாருமே இல்லியேம்மா. பார்க்கிறதுக்கு ஆள் இல்லாம எங்களுக்கு வாசிச்சுப் பழக்கமில்லீங்க. அந்த ஜன்னல் பாப்பாவையாவது முன்னாடி நிக்கச் சொல்லுங்க" என்றார். என்னை நிறுத்தினார்கள், இந்த முறை அம்மாவின் கை என் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது. வாசிப்பில் ஒரு பிசகு கிடையாது. ஓர் இருமல் கிடையாது. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக, துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி கேட்டது. வேலை முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியாகி, அந்த வாரமே கேசட்டைக் கொடுத்தனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து அத்தாவின் பதில் வந்தது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்க உட்கார்ந்தார்.

"பேண்ட் கேசட் வந்துச்சு. நல்லாத்தான் வாசிச்சிருக்காங்க. ஆனா எனக்கு ஒண்ணு விளங்கல. இதுல பேண்ட் நடக்கவே இல்லையே, உட்கார்ந்துல்ல வாசிக்குது. பாலத்துலேர்ந்து நம்ம தெருவுக்கு வர்றதுன்னா சின்னதா ஆரம்பிச்சுப் பெருசாகணும்ல? ஒரு புள்ள அழுவல. ஒரு ஆளு பேசல. ரசியா நிக்கிற இடம் இவ்வளவு அமைதியா இருக்குமா? கல்யாணம் நடந்துச்சுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. எனக்காகச் சொல்றாங்களான்னு தெரியல. ஹமீதாவுக்கு ஏதாச்சுமா? ஊர்ல யாரும் வரலையா? எதையாச்சும் மறைக்கிறீங்கன்னா சொல்லிடுங்க. எனக்கு இங்க சோறு இறங்கல. வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

அதற்கு மேல் நாடா மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார். "நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சேனே" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். போட்டோ ஆல்பம் கைக்கு வர இன்னும் மாதக்கணக்காகும். அத்தா கேட்டதை அப்படியே காட்டக்கூடிய ஒன்று வீட்டில் இருந்தது, அதை அழிக்கச் சொல்லி உத்தரவிட்டதோ அம்மாதான்.

நான் எழுந்து போய் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து, துணித் துண்டுகளுக்கு அடியிலிருந்து கேசட்டை எடுத்து வந்து அம்மா முன்னால் வைத்தேன். கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் பல் மாதிரி ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் பிறகு யார் எத்தனை அழுத்தினாலும் சிவப்புப் பொத்தான் இறங்காது, மேலே எதையும் பதிய முடியாது. அம்மா அழிக்கச் சொன்ன அன்றே நான் இரண்டு பல்லையும் ஊக்கால் நெம்பி உடைத்துவிட்டேன். அத்தாவுக்காகத்தான் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் நிஜம் அது இல்லை. மாஸ்டர் என் ஜன்னலைப் பார்த்து வாசித்ததை அழிக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். சொல்பேச்சு கேட்காததற்கு முதுகில் விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

ஆனாலும் குப்பியைக் கேட்காமல் அனுப்ப முடியுமா? வெள்ளிக்கிழமை குப்பியையும் ஜமால் மாமாவையும் விருந்துக்கு அழைத்தோம். சாப்பிட்டு முடித்து, தம்ரூட்டு இனிப்புத் துண்டு கையில் இருக்கும்போதே அம்மா நடந்ததையெல்லாம் சொல்லி டேப்பைப் போட்டார். குப்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "என்ன இவ்வளவு ஒல்லியா இருக்காரு" என்று வந்ததும் எல்லார் கண்ணும் ஜமால் மாமா மேல்தான். அவர் தம்ரூட்டை மென்று விழுங்கி முடித்து, "அந்த மாலையைக் கழுத்துல போட்டுப் பார்த்திருந்தா தெரியும், என்னா கனம்னு" என்றார். அப்புறம் குப்பி அழுத இடம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். "அனுப்புங்கக்கா. மச்சான் கேட்கட்டும். என் பெரியம்மா மவன் கேட்டாலும் கேட்கட்டும். நான் ஒல்லின்னு அவனுக்குத் தெரியாதா என்ன? சின்ன வயசுலேர்ந்து அவன்தானே எனக்கு ஈர்க்குச்சின்னு பேரு வச்சான்" என்றார். குப்பி அன்றைக்குத்தான் அவரை நேராக நிமிர்ந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

மஸ்கட் போகிற ஆளிடம் அந்தக் கேசட்டைக் கொடுக்க ஜமால் மாமாவே திருவாரூரிலிருந்து சைக்கிளில் போய் வந்தார். மூன்று வாரம் கழித்து, கடைத்தெரு பூத்துக்கு வந்து காத்திருக்கும்படி அத்தா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். கம்பெனிக்கு வெளியே ஒரு போனிலிருந்து பேசுகிறாராம். கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். அம்மா முதலில் அழுதார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு கோபமாக ஏதோ சொன்னார், மறுபடி சிரித்தார். வெளியே வந்ததும் நாங்கள் "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க?" என்று பிடுங்கினோம். அறையில் பன்னிரண்டு பேரும் கேட்டார்களாம். பேண்ட் கடைத்தெரு முனையில் திரும்பும்போது ஒவ்வொருவரும் அது எங்க ஊர்த் தெரு என்று அடித்துச் சொன்னார்களாம். ராஜினாமாப் பேச்சை விட்டுவிட்டாராம். "உங்கத்தா சொல்றாரு, ஆமா, ஓடியிருப்பேன்னு" என்று சொல்லும்போது அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. கேசட்டை அழிக்கச் சொன்னது குப்பியின் மானத்துக்காக மட்டும் இல்லை என்பது பெரியவளான பிறகுதான் எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு ஆண்களுக்கு முன்னால் தன் மூக்கை உறிஞ்சும் சத்தம் போய்ச் சேர்வதில் அம்மாவுக்கு அவ்வளவு வெட்கம்.

அத்தா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வரும்போது அந்தக் கேசட்டும் பெட்டியில் திரும்பி வந்தது. அதன் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. டேப் ரெக்கார்டர் மூலையில் போய், பிறகு பழைய சாமான்காரரிடம் போனது. டெலிபோன் பூத்து இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். என் மகன் செல்போனில் என்னோடு முகம் பார்த்துப் பேசிவிட்டு, ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் அணைத்துவிட்டுப் போகிறான். அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகிறது.

அம்மா இறந்த மாதத்தில் அவர் குரலைத் தேடி நாங்கள் வீட்டையே புரட்டினோம். ஒரு பழைய பெட்டியில் பேச்சுக் கேசட்டுகள் பதினாறு கிடைத்தன. ஒரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். எல்லாவற்றிலும் அத்தாதான் பேசுகிறார், கடைசியாகப் பேசியது அவர்தானே. அத்தனை வருஷமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா சொன்ன ஸலாம், ஊறுகாய் விவரம், எங்கள் பரீட்சை மார்க்கு, மழை பெய்தது, பெய்யாதது எல்லாவற்றையும் பதிலுக்குப் பதில் நாங்களே அழித்திருக்கிறோம். அம்மாவின் குரல் இருப்பது ஒரே ஓர் இடத்தில்தான், அவர் அழிக்கச் சொன்ன கேசட்டில்.

போன பெருநாளைக்கு மகன் ஊருக்கு வந்தபோது, அந்தக் கேசட்டை எடுத்துப் போய்ச் சரி செய்து செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்தான். "நன்னாவுக்குக் காது மந்தம்ல, அதான் பின்னாடி இருந்த இரைச்சலையெல்லாம் எடுத்துட்டேம்மா. பேண்ட் மட்டும் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றான். என் அத்தாவை அவன் 'நன்னா' என்பான். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தாவுக்கு வைத்துக் காட்டினான். பேண்ட் வந்தது, திரும்பியது, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. பிறகு ஒன்றுமே இல்லை. அத்தா காதில் கையை வைத்துக் குனிந்து குனிந்து பார்த்தார். "என் காது சுத்தமா போச்சா?" என்று என்னைக் கேட்டார். அவன் நீக்கிய இரைச்சல் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மகனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன், பாவம், அவன் நல்லதென்று நினைத்துத்தான் செய்தான், இந்த வீட்டில் அதை முதலில் செய்தவனும் அவன் இல்லை. நல்லவேளையாக, கை வைக்காத பதிவையும் செல்போனில் வைத்திருந்தான். அதைப் போட்டான்.

அரிசி களைகிற இரைச்சல், காகம், "சக்கரம் ஓடுது", பாலத்திலிருந்து பேண்ட், இருமல், தேத்தண்ணி, தால்ச்சா. பேண்ட் ஜன்னலுக்குக் கீழே நின்றது. குப்பி சிரித்தாள், அழுதாள். அம்மா விரட்டினார். "இந்த மனுசன் மட்டும் இப்ப இங்க இருந்திருந்தா, பந்தி வேலையெல்லாம் அப்படியே போட்டுட்டு பேண்ட் பின்னாடியே ஓடியிருப்பாரு."

"ஆமா, ஓடியிருப்பேன்" என்றார் அத்தா, பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வது போல. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அத்தா விரலை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திருந்தார். பதினொரு வயது ரசியா தொண்டை கிழியக் கத்தினாள்: "மாஸ்டர், டேப்பு தீரப்போவுது, வாசிங்க!"